ஒற்றைக் கட்டத்துத் திகதி

சிவமலர் சுவிசுக்கு வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. வந்த நான்காம் மாதமே பேர்ன் நகரத்து மருத்துவமனை ஒன்றில் துப்புரவு வேலை கிடைத்தது. அதைப் பதினொரு வருடம் செய்தாள். இரத்தம் சோதிக்கும் ஆய்வுகூடத்தின் தரையைத் துடைத்துக்கொண்டே அங்கே வேலை செய்த பெண்களின் பேர்ன் ஜேர்மனைக் காதால் பிடித்துக்கொண்டாள். வகுப்பில் படித்து வரும் ஜேர்மன் அல்ல அது. தொலைபேசியில் அவள் குரலை மட்டும் கேட்பவர்கள் பக்கத்துக் கிராமத்துப் பெண் என்றே நினைப்பார்கள். கணவன் மகேந்திரன் அதைச் சொல்லிச் சொல்லிப் பகிடி பண்ணுவான்.

அந்த ஆய்வுகூடத்துக்குச் சாமான் கொண்டுவருகிற சாரதிதான் ஒருநாள் தங்கள் களஞ்சியத்தில் ஆள் தேடுகிறார்கள் என்று சொன்னார். பேர்னுக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த இறக்குமதி நிறுவனம் அது. ஆய்வுகூடச் சாமான்களை வெளிநாடுகளிலிருந்து எடுப்பித்து மருத்துவமனைகளுக்கும் கிராமத்துக் கிளினிக்குகளுக்கும் விநியோகித்தார்கள். சிவமலர் முதலில் பெட்டிகளை இறக்கினாள், பிறகு எண்ணினாள். இரண்டு வருடம் கழித்து அவளுக்கென்று ஒரு மேசையும் கணினியும் கொடுத்தார்கள். முதல் நாள் அந்தக் கதிரையில் உட்கார்ந்தபோது, வேலை நேரத்தில் உட்கார்ந்திருப்பதே களவு போல இருந்ததாக வீட்டில் வந்து சொன்னாள்.

அந்த மேசைக்கு வந்த வேலைகளில் ஒன்று ஜப்பான் பெட்டிகள். ஒசாக்காவிலிருந்து வருகிற சோதனைத் திரவம். இரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு, இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்ப்பதற்கானது. பெட்டியின் பக்கத்தில் ஜப்பான் எழுத்தில் தொகுதி எண்ணும் காலாவதித் திகதியும் அச்சிட்டிருக்கும். அதற்கு மேலே ஜேர்மன் மொழி லேபல் ஒன்றை அச்சடித்து ஒட்ட வேண்டும். உள்ளே இருக்கும் சின்னப் போத்தல்களில் தொகுதி எண் மட்டும்தான். ஆகவே கிளினிக்கில் இருப்பவர்களுக்குத் திகதி சொல்வது சிவமலர் ஒட்டுகிற லேபல்தான்.

லேபலுக்கான விபரம் ஒசாக்காவிலிருந்து மின்னஞ்சலில் பட்டியலாக வரும். ஒவ்வொரு வரியிலும் பொருளின் பெயர், வருடம், மாதம், தொகுதி எண். கடைசியில், தொகுதி எண்ணோடு ஒட்டியபடி, ஒரு சின்ன எழுத்து. உதாரணமாக ‘㏡’. இரண்டு என்ற இலக்கமும் நாள் என்று பொருள்படும் ஜப்பான் எழுத்தும் ஒரே கட்டத்துக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கும். முதல் மாதமே அவள் அது என்னவென்று எழுதிக் கேட்டாள். ஒசாக்காவில் இருந்த நொமுரா என்ற பெண் பொறுமையாகப் பதில் எழுதியிருந்தார். அந்தக் காலத்தில் தந்தி அடிக்கும்போது திகதியை ஒரே குறியாக அனுப்புவதற்கு உண்டான அடையாளங்களாம் அவை. மாதத்தின் முப்பத்தொரு நாளுக்கும் முப்பத்தொரு குறி. உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் ஆளுக்கொரு எண் கொடுத்தபோது இவற்றுக்கும் கொடுத்துவிட்டார்கள். தங்களுடைய பழைய பட்டியலில் முதலில் மாதம் மட்டுமே இருந்தது. பிறகு நாளும் வேண்டும் என்று சட்டம் வந்தபோது வரியின் கடைசியில் ஒரேயொரு கட்டம்தான் மிச்சம் இருந்தது. ஆகவே ஒரு கட்டத்துக்குள் அடங்குகிற குறியைப் போட்டோம், மன்னிக்க வேண்டும் என்று நொமுரா முடித்திருந்தார்.

சிவமலருக்கு அதில் கஷ்டம் ஒன்றும் இருக்கவில்லை. குறியைப் பார்ப்பாள், பெட்டியைப் பார்ப்பாள், இலக்கத்தைத் தட்டுவாள். நான்கு வருடத்தில் ஒரு பிழையும் வரவில்லை.

2007ஆம் ஆண்டு வசந்தத்தில் நிறுவனம் புதிய கணினி முறைக்கு மாறியது. இனிப் பட்டியலை ஆள் பார்த்துத் தட்டத் தேவையில்லை, கணினியே வாசித்து லேபல் அடிக்கும். அதை எழுதுவதற்கு ஒரு ஒப்பந்தக் கம்பனி மூலம் ஹரிஷங்கர் வந்தான். திருச்சிக்காரன், வயது இருபத்தொன்பது. ஒரு வருட அனுமதியில் வந்திருந்தான். ஜூலையில் அதைப் புதுப்பிக்க வேண்டும். மனைவி அபர்ணா பெப்ரவரியில்தான் வந்து சேர்ந்திருந்தாள். சாப்பாட்டு அறையில் சிவமலர் தன் டப்பாவைத் திறந்தபோது எழுந்த மீன்குழம்பு வாசத்துக்கு அவன் திரும்பிப் பார்த்தான். அப்படித்தான் பழக்கமானார்கள். அவன் அவளை அக்கா என்றான். அவன் பேசுகிற வேகத்தில் பாதி அவளுக்கும், அவள் கதைக்கிறதில் பாதி அவனுக்கும் முதல் வாரம் பிடிபடவில்லை. பிறகு சரியாகிவிட்டது.

ஏப்ரல் கடைசியில் அவன் தன் வேலையை அவளிடம் சோதிக்கக் கொடுத்தான். திரையில் இடப்பக்கம் ஒசாக்காப் பட்டியலின் ஐம்பது வரிகள், வலப்பக்கம் கணினி வாசித்துப் பிரித்தெடுத்த திகதிகள். சிவமலர் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுச் சரி போட்டு, கீழே கையெழுத்து வைத்தாள். மே மாதம் முதலாம் திகதி முதல் புது முறை ஓடத் தொடங்கியது.

ஜூன் பதினைந்து, வெள்ளிக்கிழமை, மத்தியானம் ஒன்றரை மணி. துன் நகரப் பக்கத்திலிருந்து ஒரு சிறிய மருத்துவமனையின் ஆய்வுகூடப் பெண் தொலைபேசியில் வந்தாள். அவசரம் ஒன்றுமில்லை, வேறு வேலையாகக் கணக்கெடுக்கும்போது கண்ணில் பட்டது என்றாள். பெட்டியின் லேபலில் தொகுதி 402 என்று இருக்கிறது, உள்ளே போத்தலில் 4022 என்று இருக்கிறது, எது சரி? பெட்டியை இன்னும் பாவிக்கத் தொடங்கவில்லையாம். பார்த்துச் சொல்கிறேன், அதுவரை அப்படியே வையுங்கள் என்று சிவமலர் தொலைபேசியை வைத்தாள். லேபல் அடிக்கும் இயந்திரத்தில் ஒரு இலக்கம் விடுபட்டிருக்கும் என்றுதான் அந்த நேரம் நினைத்தாள்.

களஞ்சியத்தில் அதே தொகுதியில் இரண்டு பெட்டிகள் மிச்சம் இருந்தன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். லேபலில் 402, காலாவதி 22.06.2007. நகத்தால் மூலையைக் கிளப்பி மெல்ல உரித்தாள். கீழே ஒசாக்கா அச்சு முழுசாக இருந்தது. தொகுதி 4022. வருடம் 2007, மாதம் 6. நாள் 2.

ஒருக்கால் கண்ணை மூடித் திறந்து திரும்பவும் பார்த்தாள். இரண்டுதான். இரண்டாவது பெட்டியையும் உரித்தாள். அதிலும் இரண்டு. பதின்மூன்று நாளைக்கு முதலே காலாவதியான திரவத்தை இன்னும் ஒரு கிழமைக்கு நல்லது என்று லேபல் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தத் திரவம் பழசானால் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். வருடா வருடம் அதற்கொரு வகுப்பு வைப்பார்கள். பழைய திரவம் மந்தமாக வேலை செய்யும். நோயாளியின் இரத்தம் உண்மையில் இருப்பதைவிட இளகி இருப்பதாகக் காட்டும். டொக்டர் அதை நம்பி மாத்திரையைக் குறைப்பார். குறைத்தால் இரத்தம் கட்டிபடும். பெரிய ஆய்வுகூடங்களில் தினமும் காலையில் திரவத்தையே சோதித்துப் பார்ப்பார்கள், பிழை பிடிபட்டுவிடும். சின்னக் கிளினிக்குகளில் அப்படி இல்லை. ஜப்பான் பெட்டிகளில் பெரும்பகுதி போவது சின்னக் கிளினிக்குகளுக்குத்தான்.

இரண்டு பெட்டிகளையும் அணைத்துக்கொண்டு மாடியேறி ஹரிஷங்கரின் மேசைக்குப் போனாள். அவன் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு உரித்த இடத்தைப் பார்த்தான். கணினியில் எதையோ தேடினான். திரையில் அந்த வரி வந்தது. வரியின் முடிவில் 4022, அதோடு ஒட்டியபடி அந்தத் தந்திக்குறி.

இங்கிருந்த லேபல் இயந்திரத்துக்கு அந்த மாதிரிக் குறிகளை அச்சடிக்கத் தெரியாது. வெறும் சதுரங்களாகத்தான் விழும். ஆகவே ஹரிஷங்கர் எல்லோரும் செய்வதைச் செய்திருந்தான். ஒற்றைக் குறியாக இருப்பதை உடைத்துச் சாதாரண எழுத்துகளாக விரிக்கும் ஒரு படியை முதலில் வைத்திருந்தான். ‘㏡’ என்ற ஒற்றை எழுத்து ‘2日’ என்று இரண்டு எழுத்தாகிவிடும். உடைத்த உடனே அந்த இரண்டு, முன்னால் இருந்த தொகுதி எண்ணோடு போய் ஒட்டிக்கொண்டது. 4022㏡ என்பது 40222日 ஆனது. அதற்குப் பிறகு வருகிற படி, நாள் எழுத்துக்கு முன்னால் இருக்கும் இரண்டு இலக்கத்தைத் திகதி என்று எடுத்தது. இருபத்திரண்டு. மிச்சம் 402.

“எல்லாத்துக்கும் இப்படி வராது அக்கா,” என்றான். “நாள் ஒற்றை இலக்கமா இருக்கணும். தொகுதி எண் ஒண்ணுலயோ ரெண்டுலயோ முடியணும்.”

“மூண்டில முடிஞ்சால்?”

“ஒண்ணாம் தேதின்னா மட்டும் முப்பத்தொண்ணு ஆயிடும். மத்தபடி முப்பத்திமூணாம் தேதி கிடையாதே. முப்பத்தொண்ணுக்கு மேல போனா ஒரு இலக்கம் மட்டும் எடுன்னு வச்சிருக்கேன்.”

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது. சிவமலர் அவன் பக்கம் திரும்பினாள். முப்பத்தொன்றுக்கு மேல் ஒரு திகதி வந்ததை அவன் முன்னமே கண்டிருந்தால்தானே அப்படி ஒரு காவல் போட்டிருப்பான்? கேட்டாள். அவன் மறைக்கவில்லை. ஏப்ரலில் ஒரு நாற்பத்திரண்டு வந்ததாம். ஏன் வந்தது என்று தோண்டிப் பார்க்க நேரமில்லை, காலக்கெடு நெருங்கிவிட்டது, அந்த ஒரு வரியைப் போட்டதும் சரியாகிவிட்டது, விட்டுவிட்டேன் என்றான்.

பிறகு கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். இதை இன்றைக்கே திருத்திவிடுகிறேன், திங்கட்கிழமை முதல் எல்லா லேபலும் சரியாக வரும், அந்தத் தொகுதி எப்படியும் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும் என்றான். “இப்ப வெளியில தெரிஞ்சா என் பர்மிட் போயிடும் அக்கா. அபர்ணாவுக்கு இது அஞ்சாவது மாசம்.”

சிவமலருக்கு அது தெரியாத விஷயம் அல்ல. அவளே ஓடர் பண்ணிய மாங்காய் ஊறுகாயை அபர்ணாவுக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். அவள் ஏப்ரலில் தான் கையெழுத்து வைத்த ஐம்பது வரியையும் திறந்து காட்டச் சொன்னாள். ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி வந்து முப்பத்தெட்டாம் வரியில் நிறுத்தினாள். தொகுதி 401. நாள் பதின்மூன்று. பக்கத்தில் அவள் போட்ட சரி.

மூல மின்னஞ்சலைத் திறந்து பார்த்தார்கள். ‘4011㏢’. மூன்றாம் திகதி.

அன்றைக்குத் திரையின் இடப்பக்கத்தில் அவள் பார்த்தது ஒசாக்காப் பட்டியலை அல்ல. குறிகளை ஏற்கெனவே உடைத்துப் போட்ட பட்டியலை. இரண்டு பக்கத்திலும் பதின்மூன்று என்றே இருந்தது. களஞ்சியத்துக்கு இறங்கிப்போய் ஒரு பெட்டியைத் தூக்கி வந்திருந்தால் அந்த நிமிடமே தெரிந்திருக்கும். கதிரையை விட்டு எழும்பவில்லை. பதினொரு வருடம் பிடித்த வாளி ஒருமுறை கண்ணுக்குள் வந்து போயிற்று.

“தம்பி, இதில முதல் கையெழுத்து என்ரை,” என்றாள். “உங்களை மட்டும் ஒருத்தரும் பிடிக்கேலாது. எந்தெந்தத் தொகுதி, எங்கையெங்கை போனது எண்டு எடுத்துத் தாங்கோ. ஆக்கள் இரத்தம் குடுத்திட்டு அந்த நம்பரை நம்பி இருக்கினம்.”

அவன் விசைப்பலகையில் கையை வைத்தபடி அசையாமல் இருந்தான். அவள் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான் செய்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் விரல்கள் ஓடத் தொடங்கின.

பிழையான தொகுதி இரண்டுதான் வெளியே போயிருந்தது. 4021 என்பது ஜூன் பன்னிரண்டு என்ற லேபலோடு. 4022 இருபத்திரண்டு என்ற லேபலோடு. இரண்டும் உண்மையில் ஜூன் இரண்டில் முடிந்தவை. 4011 அனுப்பப்படவே இல்லை, சோதனைக்கு மட்டும் எடுத்த பழைய வரி. துன் மருத்துவமனையைத் தவிர்த்துப் பதினொரு கிளினிக்குகள். இரண்டு தொகுதிகளும் பெரும்பாலும் அதே கிளினிக்குகளுக்கே போயிருந்தன. மணி இரண்டே கால். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு மேல் கிராமத்துக் கிளினிக்குகளில் ஆள் இருக்காது.

மேலாளர் ஸ்பிண்டன் அன்று பாசல் நகரத்துக்குக் காரில் போய்க்கொண்டிருந்தார். சிவமலர் அவருடைய கைத்தொலைபேசிக்கு அடித்து நடந்ததைச் சொன்னாள். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, பொருளைத் திருப்பி எடுக்கும் அறிவித்தலைத் தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பாளர் மட்டுமே கொடுக்கலாம், அவர் விடுமுறையில் இருக்கிறார், திங்கட்கிழமை வருவார் என்றார். ஒசாக்காவிடமிருந்து எழுத்தில் உறுதி வர வேண்டும். அதற்கு முன் வாடிக்கையாளர்களைப் பதற வைக்கக்கூடாது. பெட்டியை உரித்துப் பார்த்தேன், இரண்டு என்று அச்சிட்டிருக்கிறது என்று அவள் சொன்னாள். திங்கட்கிழமை, திருமதி மகேந்திரன், என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். ஒசாக்காவில் அப்போது இரவு ஒன்பது மணி தாண்டிவிட்டது. அடித்துப் பார்த்தாள், யாரும் எடுக்கவில்லை; நொமுராவுக்கு மின்னஞ்சல் அனுப்பினாள்.

அவள் தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள். கணக்குப் போட்டுப் பார்த்தாள். மகள் கோபிஷாவுக்குப் பதினான்கு வயது, வீட்டு வாடகை, மகேந்திரனின் முதுகுவலி. எழும்பித் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து துன் மருத்துவமனைக்குச் சொல்லிவிட்டு, பட்டியலில் முதல் எண்ணை அடித்தாள்.

திருப்பி எடுக்கிறோம் என்று அவள் சொல்லவில்லை. லேபலில் திகதி பிழை, உண்மைத் திகதி ஜூன் இரண்டு, தயவுசெய்து பெட்டியை ஒதுக்கி வையுங்கள், யாருக்காவது பாவித்திருந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். இதையே பேர்ன் ஜேர்மனில் நிதானமாகச் சொன்னாள். முதல் மூன்று இடத்திலும் பெட்டி திறக்கப்படவில்லை. நான்காம் இடத்தில் இருபது நிமிடம் யாரும் எடுக்கவில்லை. ஐந்தாம் இடத்தில் ஒரு பெண் நீ யார், உன் மேலாளர் யார் என்று துருவினாள். சிவமலர் இரண்டையும் சொன்னாள். ஆறாம் கிளினிக்கில் ஏழு பேருக்குப் பாவித்திருந்தார்கள். டொக்டரே தொலைபேசிக்கு வந்தார், ஏசவில்லை, ஏழு பேரையும் இப்போதே கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தார். ஹரிஷங்கர் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் நேரமும் பெயரும் குறித்துக்கொண்டு வந்தான். நாலே முக்காலுக்குப் பத்துக் கிளினிக்குகளும் முடிந்துவிட்டன.

பதினொன்றாவது, துன் ஏரிக்கு மேலே ஒரு மலைக் கிராமத்தில் இருந்தது. அங்கே பதிவு செய்த குரல்தான் பேசியது. திங்கட்கிழமை எட்டு மணிக்குத் திறப்போம். அவசரமென்றால் வட்டாரத்து அவசர எண்ணுக்கு அடியுங்கள். அந்த எண்ணில் இருந்தவருக்கு சிவமலர் சொல்வது விளங்கவில்லை. நோயாளி யார் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நோயாளி யாரென்று அவளுக்கே தெரியாது.

“நான் ஒருக்கா நேரை போய்ப் பாத்திட்டு வாறன்,” என்றாள். உரித்த பெட்டியைப் பையில் வைத்தாள். ஹரிஷங்கரும் மேற்சட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

ரயிலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. தூரத்தில் மலைகள் தெளிவாகத் தெரிந்தன. திங்கட்கிழமை எப்படியும் விசாரிப்பார்கள் என்று அவள் சொன்னாள். அந்த முப்பத்தொன்று என்ற காவலை அவர்களாகக் கண்டுபிடிக்கும் முன்னம் நீங்களே சொல்லிவிடுவது நல்லது என்றாள். அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். துன் வந்தபோது, “சொல்லிடறேன்,” என்றான். அபர்ணா மூன்று தரம் அடித்துவிட்டாள், அவன் எடுக்கவில்லை.

பேருந்து அவர்களை மலைக்கிராமத்தில் இறக்கியபோது ஆறு மணி. கிளினிக் பூட்டியிருந்தது. எதிரே பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மனிதர், டொக்டரின் உதவியாளர் கெர்பர் அம்மா பேக்கரிக்கு மேலே குடியிருக்கிறார் என்று கையைக் காட்டினார். கெர்பர் கதவைப் பாதி திறந்து இருவரையும் பார்த்தார். கையில் உரித்த பெட்டியோடு முன்பின் தெரியாத இரண்டு பேர். ஆனால் சிவமலர் வாயைத் திறந்து நாலு வசனம் சொல்வதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. உள்ளே போய்ச் சாவியோடு வந்தார்.

கிளினிக்கின் குளிர்பெட்டியில் 4022 பெட்டி திறந்தபடி, பாதி தீர்ந்து இருந்தது. கீழ்த்தட்டில் 4021இன் வெறும் பெட்டி. கெர்பர் குறிப்புப் புத்தகத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஜூன் இரண்டுக்குப் பிறகு ஐந்து பேர். நான்கு பேருக்கு மாற்றம் ஒன்றும் இல்லை. ஐந்தாவது வெங்கர் என்பவர், எழுபத்தெட்டு வயது, இதயத்தில் செயற்கை வால்வு. ஜூன் ஐந்தில் மாத்திரையைப் பாதியாக்கியிருக்கிறார்கள். பதின்மூன்றில் அதையும் குறைத்திருக்கிறார்கள்.

கெர்பர் புத்தகத்தை மூடாமலே டொக்டரின் கைத்தொலைபேசிக்கு அடித்தார். அவர் எங்கோ மலை விடுதியில் இருந்தார். இரண்டாம் தரம் எடுத்தார். கெர்பர் எல்லாவற்றையும் சொன்னார். டொக்டர் சொன்னது சுருக்கமாக இருந்தது. வெங்கரைக் கண்டுபிடியுங்கள், இப்பவே.

வெங்கர் வீட்டுத் தொலைபேசி அடித்து ஓய்ந்தது. மூவரும் மேட்டுப் பாதையில் நடந்தார்கள். நடை கொஞ்ச தூரத்தில் ஓட்டமாகிவிட்டது. சிவமலருக்கு மூச்சு இரைத்தது. வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது, உள்ளே யாரும் இல்லை. சமையலறையில் வானொலி பெரிய சத்தத்தில் பாடிக்கொண்டிருந்தது. மேசையில் வெட்டிய ரொட்டி காய்ந்துபோய்க் கிடந்தது. கெர்பர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே பின்பக்கம் போனார். ஹரிஷங்கர்தான் முதலில் கண்டான். விறகுக் கொட்டிலின் நிழலில் ஒரு மரக்கட்டையில் கிழவர் உட்கார்ந்திருந்தார்.

உயிரோடுதான் இருந்தார். அவர்களைக் கண்டு சிரிக்கவும் செய்தார். ஒன்றுமில்லை, விறகு அடுக்கும்போது இடக்கை மரத்துவிட்டது, சாப்பாட்டு நேரத்திலிருந்து இப்படித்தான் இருக்கிறது, போய்விடும் என்று உட்கார்ந்திருக்கிறேன் என்றார். சொற்கள் கொஞ்சம் குழறின. கெர்பர் அவர் முன்னால் முழந்தாளிட்டு இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். வலக்கை எழுந்தது. இடக்கை பாதியில் நின்று சரிந்தது.

அம்புலன்ஸ் இருபத்திரண்டு நிமிடத்தில் வந்தது. அந்த இருபத்திரண்டு நிமிடமும் சிவமலர் கிழவரின் முதுகைத் தன் தோளில் தாங்கியபடி இருந்தாள். அவர் அவளிடம் எந்தப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவள் என்று கேட்டார். பேர்னுக்குப் பக்கத்தில் தான் குடியிருக்கும் ஓஸ்டர்முண்டிகன் என்றாள். அங்கே தனக்கு ஒரு மச்சாள் இருந்தாள் என்று சொன்னவர், பெயரைத் தேடித் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. ஹரிஷங்கர் ரோட்டடியில் நின்று அம்புலன்ஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி போன பிறகு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து அழுதான். சிவமலர் பக்கத்தில் நின்றாள். ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை. அவளுடைய சரி அந்த முப்பத்தெட்டாம் வரியில் இருந்தது.

மூளைக்குப் போகும் வழியில் சிறிய இரத்தக்கட்டி. சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். பெட்டியால்தான் அப்படி நடந்தது என்று யாரும் எழுதித் தரவில்லை. அதனால் அல்ல என்றும் எழுதவில்லை.

திங்கட்கிழமை காலை ஒசாக்காவிலிருந்து நொமுராவின் பதில் வந்திருந்தது: இரண்டாம் திகதிதான். பத்து மணிக்கு நிறுவனம் முறைப்படி அறிவித்தல் அனுப்பியது. பதினொரு மணிக்கு ஸ்பிண்டன் சிவமலரைக் கூப்பிட்டு, அதிகாரமில்லாமல் வாடிக்கையாளர்களுடன் பேசியதற்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். அவள் வாசித்துவிட்டுக் கையெழுத்திட்டாள். அவர் கடிதத்தைத் திரும்ப வாங்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வேலை போகவில்லை.

ஜூலை முதல் வாரத்தில் அதிகாரிகள் இருவர் விசாரிக்க வந்தார்கள். ஐம்பது வரியையும் நீங்கள் பார்த்தீர்களா என்று சிவமலரிடம் கேட்டார்கள். ஓம், பார்த்தேன் என்றாள். அப்படியென்றால் எப்படித் தப்பியது? பெட்டியைப் பார்க்கவில்லை, திரையை மட்டும் பார்த்தேன், அது என் பிழை என்றாள். ஹரிஷங்கரின் முறை வந்தபோது அவன், யாரும் கேட்பதற்கு முன்பே, அந்தக் காவல் வரியைத் தாளில் அச்சடித்து அவர்கள் முன்னால் வைத்தான். நாற்பத்திரண்டு வந்த நாளையும் சொன்னான். ஒப்பந்தக் கம்பனி அவனுடைய அனுமதியைப் புதுப்பிக்க விண்ணப்பிக்கவில்லை. ஜூலை இருபதாம் திகதிக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று ஆகிவிட்டது.

அவர்கள் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னம் சிவமலர் போனாள். சனிக்கிழமைப் பகல். வழிக்கு என்று இடியப்பமும் சம்பலும் கட்டி எடுத்திருந்தாள். ஹரிஷங்கர் வீட்டில் இல்லை, பெட்டிகளை அனுப்பப் போயிருந்தான். அபர்ணா கதவைத் திறந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. பார்சலையும் வாங்கவில்லை.

“நீங்க அன்னைக்கு போன் பண்ணாம இருந்திருந்தா நாங்க இங்கயே இருந்திருப்போம்,” என்றாள்.

“ஓம் பிள்ளை,” என்றாள் சிவமலர். “எனக்குத் தெரியும்.”

மன்னிப்புக் கேட்டால் அது பொய்யாகிவிடும். பார்சல் கையில் கனத்தது. மாடிப்படியில் யாரோ சைக்கிளை இறக்கிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் அடங்கியது. அபர்ணா கதவைச் சாத்தவில்லை.

“அந்தப் பெரியவர் இப்ப எப்படி இருக்காரு?” என்று கேட்டாள்.

போன செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தேன் என்றாள் சிவமலர். வீட்டுக்கு வந்துவிட்டார். பேச்சு தெளிந்துவிட்டது, நடக்கிறார். இடக்கையால் சட்டைத் தெறி பூட்ட முடியவில்லை, அதைக் கெர்பர் அம்மா காலையில் வந்து பூட்டிவிடுகிறார். விறகு அடுக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், அவர் கேட்பதாக இல்லை.

அபர்ணா எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு கையை நீட்டிப் பார்சலை வாங்கிக்கொண்டாள்.